அறியாமல் உண்ட கோதுமை

அரிசிச் சோறே நம் தோட்டத்து மக்களின் அடிப்படை உணவாகும். ஆயினும் காலைப் பசியாறுதலுக்கு ரொட்டி சானாய், மாலைத் தேநீருடன் பிஸ்கட்டு, கடைத்தெருவில் மீ கோரேங் எனக் கோதுமையும் நம் அன்றாட வாழ்வில் இடம்பெற்றுவிட்டது. பெரும்பாலோர்க்கு இதனால் தீங்கு ஏதுமில்லை. ஆனால், சீலியாக் நோய் உள்ளவர்களுக்கோ கோதுமை குடலைப் புண்படுத்தும் பொருளாகும். அத்தகையோர் எவ்வளவு விழிப்பாக இருந்தாலும், சில வேளைகளில் அறியாமல் கோதுமையை உண்டுவிட நேர்கிறது. அப்போது என்ன செய்வது என்பதை நாம் இங்குக் காண்போம்.

நோயின் தன்மை

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் எனும் ஒருவகைப் புரதம் உள்ளது. மாவைப் பிசையும்போது அதற்கு இழுவைத் தன்மை தருவது இதுவே. சீலியாக் நோய் உள்ளவர் இதனை உண்டால், அவருடைய உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் சிறுகுடலையே தாக்குகிறது. உணவின் சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் இதனால் தேய்ந்துபோகின்றன. வயிற்றுப்போக்கு, உடல் மெலிவு, இரத்தச் சோகை ஆகியவை தொடர்கின்றன.

ஹாலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே, கோதுமையை நீக்கியபோது இந்நோயுற்ற குழந்தைகள் தேறியதைத் தம் 1950ஆம் ஆண்டு ஆய்வேட்டில் எடுத்துக்காட்டினார். வாழ்நாள் முழுவதும் குளூட்டனைத் தவிர்ப்பதே இன்றும் இதற்குரிய சிகிச்சையாக இருந்து வருகிறது.

மறைந்திருக்கும் கோதுமை

ரொட்டியிலும் சப்பாத்தியிலும் கோதுமை இருப்பதை அனைவரும் அறிவர். கண்ணுக்குத் தெரியாமல் வருவதே இடர் தருகிறது. கேசரிக்கு இடும் ரவையும் பாயசத்துச் சேமியாவும் பொதுவாகக் கோதுமையால் ஆனவை. கடையில் விற்கும் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். ஆகவே சாம்பாரும் ரசமும் ஐயத்திற்கு உரியனவாகின்றன. கிச்சாப்பு வகைகள் பலவற்றில் கோதுமை உண்டு. உடற்சூட்டைத் தணிக்க நாம் அருந்தும் பார்லித் தண்ணீரும், பார்லி மால்ட்டு சேர்ந்த பான மாவுகளும் இவர்களுக்கு ஏற்றவை அல்ல. உளுந்து வடையில் கோதுமை இல்லாவிடினும், கோதுமை மாவுப் பலகாரம் பொரித்த அதே எண்ணெயில் அதனைப் பொரித்தால் தீங்கு நேரலாம்.

"ஒரு வாய் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்?" என்று கேட்போர் உளர். நாள்தோறும் 50 மில்லிகிராம் குளூட்டன் சில மாதங்கள் உட்சென்றாலே குடல் கெடக்கூடும் என ஆய்வாளர் கண்டுள்ளனர். ஒரு துண்டு ரொட்டியில் ஏறத்தாழ 2 கிராம் குளூட்டன் உண்டு. அதில் நாற்பதில் ஒரு பங்கே இந்த 50 மில்லிகிராம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

உண்டுவிட்டால் செய்ய வேண்டியவை

உண்ட சில மணி நேரத்தில் குமட்டல், வாந்தி, வயிற்று வலி, வயிற்றுப்போக்கு, தலைவலி, பெருஞ்சோர்வு ஆகியவை தோன்றலாம். சிலருக்கு ஓரிரு நாள் வரை நீடிக்கும். சிலருக்கு வெளிக்குறி எதுவும் தோன்றாது. ஆயினும் குடல் பாதிப்புறக்கூடும்.

இதனை முறிக்கும் மருந்து ஏதுமில்லை. வலிந்து வாந்தி எடுப்பதாலும், பேதி மருந்து உண்பதாலும் உடல் மேலும் தளருமேயன்றிப் பயன் விளையாது. இழந்த நீரை ஈடுசெய்வதே முதற்கடமை. ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கரைத்து, சிறிது சிறிதாகப் பருகலாம். பசி எடுத்ததும் அரிசிக் கஞ்சி, வாழைப்பழம் போன்ற எளிய உணவைக் கொள்ளலாம். தலைச்சுற்றல் உள்ளபோது பால்வெட்டுக் கத்தியுடன் இருட்டிலும் மேட்டுச் சரிவிலும் செல்வது ஆபத்து. மண்டோரிடம் தெரிவித்து ஓய்வு பெறுவதே நலம்.

வாந்தி நிற்காவிட்டாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், கடுங்காய்ச்சல் வந்தாலும், சிறுநீர் மிகக் குறைந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் பொறுத்தவரை தாமதம் கூடாது. உதடு வீங்குவதும் மூச்சுத் திணறுவதும் கோதுமை ஒவ்வாமையின் குறிகளாக இருக்கலாம். அது வேறு நோய், உயிருக்கே ஆபத்தானது.

"இன்றைய பத்தியம் கெட்டுவிட்டது, மற்றதையும் உண்போம்" என எண்ணுவது பெருந்தவறு. ஒருமுறை நேர்ந்த பிழையிலிருந்து உடல் பெரும்பாலும் மீண்டுவிடும். அடுத்த வேளையே பத்தியத்திற்குத் திரும்ப வேண்டும்.

மீண்டும் நேராதிருக்க

அன்று உண்டவற்றை நினைவுகூர்ந்து எழுதி வைத்தால், தீங்கு எவ்வழி வந்தது என்பது புலப்படும். அடிக்கடி நேருமாயின் அக்குறிப்பை மருத்துவரிடம் காட்டி, இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பொருள் வாங்கும்போது உறையைப் படிப்பது நன்று. கோதுமையைக் குறிக்கும் 'கண்டும்', பார்லியைக் குறிக்கும் 'பார்லி' எனும் மலாய்ச் சொற்களைக் குழந்தைகள்கூட எளிதில் கண்டுகொள்வர். வீட்டில் இவர்களுக்கெனத் தனிச் சல்லடையும் தனி எண்ணெயும் வைத்துக்கொள்வது பயன் தரும்.

இதுவரை நோய் உறுதி செய்யப்படாதவர்கள், ஐயத்தின் பேரில் தாமே கோதுமையை நிறுத்திவிடலாகாது. அவ்வாறு செய்தால் பரிசோதனையில் நோய் தெரியாமற் போகக்கூடும். முதலில் மருத்துவரை நாடுவதே முறை.

இறுதியாக, கோயில் திருவிழாவிலும் திருமண விருந்திலும் இலையில் வைத்ததை வேண்டாம் என்பது நம்மிடையே மரியாதைக் குறைவாகக் கருதப்படுகிறது. அவ்வெண்ணத்துக்கு அஞ்சியே பலர் வாய் திறவாமல் உண்டு, பின்னர் வருந்துகின்றனர். நோயாளர் தயங்காது கேட்டு அறியட்டும்; பரிமாறுவோர் வற்புறுத்தாது விடட்டும். கேசரிக்குப் பதிலாக இரு வாழைப்பழம் அன்புடன் வைத்தால், அதுவும் விருந்தோம்பலே அன்றோ!