மூட்டைப்பூச்சிக்கும் சேர்த்து வாடகை!

ராமேசுவரம் கோவிலுக்குள் 22 தீர்த்தங்கள் இருக்கின்றன. முதலில் கடலில் முழுக வேண்டும். பிறகு வரிசையாக 22 தீர்த்தங்களிலும் நீராட வேண்டும். 70 வயதைத் தாண்டிய என் தாயாருக்கு இது நெடுநாள் ஆசை.

குடும்பத்தோடு போனோம். இரவு தங்க ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம். பெயர் வேண்டாம்!

வாசலில் வண்ண விளக்கு. உள்ளே சுவரெல்லாம் ஈரம். சன்னலுக்குக் கொக்கி இல்லை. குழாயைத் திருகினால் "புஸ்" என்று காற்று வந்தது.

"காலையில்தான் மோட்டார் போடுவோம்" என்றான் பையன்.

ராமேசுவரம் ஒரு தீவு. அங்கே நல்ல தண்ணீர் அருமைதான். ஆனால், பணம் வாங்கும்போதே அதைச் சொல்ல வேண்டாமா?

விளக்கை அணைத்து அரை மணி நேரம் ஆகியிருக்காது.

"டேய், என்னவோ கடிக்குதுடா!" என்று அம்மா எழுந்து உட்கார்ந்தார். விளக்கைப் போட்டோம். மெத்தை ஓரத்தில் சாரை சாரையாக மூட்டைப்பூச்சி!

பொல்லாத பூச்சி அது. ஆப்பிள் விதை அளவுதான் இருக்கும். பகலில் மெத்தைத் தையலிலும் கட்டில் சந்திலும் பதுங்கிக்கொள்ளும். ரத்தம் குடிக்காமலே பல மாதங்கள் உயிரோடு இருக்கும். பூட்டிக் கிடந்த அறையையும் நம்ப முடியாது. படுக்கையில் சிறு சிறு கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் பூச்சி இருக்கிறது என்று அர்த்தம். இது நோயைப் பரப்புவதாகத் தெரியவில்லை என்கிறார்கள் டாக்டர்கள். ஆனால் பெட்டிக்குள் புகுந்து வீட்டுக்கே வந்துவிடும். திரும்பியதும் துணிகளைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தோம்.

மானேஜரை எழுப்பினோம். "புண்ணிய ஸ்தலத்தில் இதையெல்லாம் பார்க்கலாமா, பாட்டி?" என்றார் அவர்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"புண்ணியம் கோவிலில் இருக்கு தம்பி. இங்கே நாங்க காசு கொடுத்திருக்கோம்!"

மானேஜர் பேசவில்லை. பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். விடியும் வரை அம்மா தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் 22 தீர்த்தங்களிலும் நீராடிவிட்டார்!

பாதிகூடத் தராத லாட்ஜுகள் உண்டு. அப்போது என்ன செய்வது?

1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லலாம். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வழக்கும் போடலாம். 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் கோர்ட்டில் கட்டணம் கிடையாது. ரசீது கேட்டு வாங்குங்கள். மெத்தையைப் போனில் படம் எடுத்து வையுங்கள்.