அடங்கும் தொடரும் அடங்காத் தொடரும்

தமிழாசிரியர்க்கு நுண்கணிதத்தில் என்ன வேலை என அன்பர்கள் வினவலாம். உயர்தரத்தில் தொகையீட்டைத் தமிழிற் கற்ற எம் மாணவர், சம்மாந்துறையிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடம் புகுந்தால், ஆங்கிலத்திலேயே கணிதத்தைத் தொடர்கின்றனர். தொகையீட்டையடுத்து வரும் முடிவில் தொடரே பலரை மலைக்கச் செய்வது.

உறுப்புகள் சிறுத்துக்கொண்டே சென்றாற் கூட்டுத்தொகை அடங்கிவிடும் என்று எண்ணுதலே இங்கு நேரும் பிழை. மருதமுனைக் கைத்தறித் துணியில் ஒரு மீற்றரை எடுத்துப் பாதியை வெட்டிவைப்போம். எஞ்சியதிற் பாதி, பின்னும் பாதி என வெட்டிச் சேர்ப்போம். எத்தனை முறை சேர்த்தாலும் ஒரு மீற்றரை விஞ்சாது. இஃது ஒருங்கும் தொடர்.

அரை, மூன்றிலொன்று, கால், ஐந்திலொன்று எனச் சேர்த்தாலோ நிலை வேறு. மூன்றிலொன்றும் காலும் கூடி அரையை விஞ்சும். ஐந்திலொன்று முதல் எட்டிலொன்று வரையுள்ள நான்கும் அவ்வாறே. இங்ஙனம் அரைகள் ஓயாது சேர்தலின், எந்நெசவாலைத் துணியும் போதாது. இது விரியும் தொடர்.

கேரளத்து மாதவர் வழிவந்த முடிவில் தொடர்களின் நிறுவல்களைச் சேட்டதேவர் 1530ஆம் ஆண்டளவில் ‘யுக்திபாஷா’ என்னும் நூலில் மலையாளத்திலேயே வரைந்தார். நுட்பம் தாய்மொழிக்கு அடங்காதது அன்று. ஆதலின் மாணவர்காள், பொருளைத் தமிழிலே தெளிந்து, ஆங்கிலத்திலும் வல்லுநராகுக.