ஒரு ஸ்பேனர், இரண்டு தண்ணீர்

சென்னைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் நெருக்கியடித்து நிற்கும் காலம் ஒன்று உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுக்குப் பெயின்ட், வலைக்குப் பொத்தல் அடைப்பு, இன்ஜினுக்கு சர்வீஸ் என்று எல்லா வேலையும் அப்போதுதான் நடக்கும். அந்த நெரிசலில் ஒரு மெக்கானிக்கின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவித் தண்ணீரில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே அளவு ஸ்பேனர் இன்னொன்றை, பிப்ரவரி மாதத்துப் பின்லாந்தில் உறைந்து கிடக்கும் ஏரி ஒன்றில், பனிக்கட்டியை அறுத்துத் திறந்த துளை வழியே போடுவோம். இரண்டு இடத்திலும் ஆழம் 6 மீட்டர். இரண்டு கரையிலும் டைவர் தயார். முதலில் எடுத்து வருபவர் யார்?

கிணற்றில் வெள்ளைக் கல்லையோ காசையோ போட்டுவிட்டு முங்கி எடுக்கும் பந்தயம் நமக்குப் புதிதல்ல. குளிர்நாட்டு டைவர்கள் அதே வேலையை உறைந்த ஏரிகளில் செய்கிறார்கள். மீன்பிடிக்க வந்தவர் துளைக்குள் தவறவிட்ட செல்போன், பனிக்கட்டியைத் துளைக்கும் கருவி, சில சமயம் பனிக்கட்டி உடைந்து மூழ்கிப்போன ஸ்னோமொபைல் வண்டி என்று மீட்டு வருவார்கள். உறைநீர் முக்குளிப்பு, அதாவது ஐஸ் டைவிங், என்று இந்தக் கலைக்குப் பெயர்.

காசிமேட்டில் தண்ணீர் ஏறக்குறைய 28 டிகிரி. தலைக்கு மேல் கூரை இல்லை. மூச்சு முட்டினால் எந்த இடத்திலும் மேலே வரலாம். ஆகவே நம்மூர் டைவர்தான் ஜெயிப்பார் என்று தோன்றும். ஆனால் பந்தயம் பெரும்பாலும் பின்லாந்துக்காரர் பக்கமே சாயும். காரணம் எளிது: அவருக்கு ஸ்பேனர் கண்ணுக்குத் தெரியும்.

உறைந்த ஏரி ஏன் அவ்வளவு தெளிவு? தண்ணீர் குளிரக் குளிர அதன் அடர்த்தி கூடும். ஆனால் அது 4 டிகிரி வரைதான். அதற்குக் கீழே குளிர்ந்தால் மறுபடி லேசாகி மேலே வந்துவிடும். அதனால்தான் ஏரி அடியிலிருந்து உறைவதில்லை. மேலே பனிக்கட்டி படர்கிறது, அதை ஒட்டிய தண்ணீர் 0 டிகிரியில் இருக்கிறது, அடியில் 4 டிகிரித் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. பனிக்கட்டி மூடியபின் காற்று தண்ணீரைத் தொட முடியாது, அலை எழாது. வெளிச்சம் குறைவதால் பாசியும் அதிகம் பெருகாது. மாதக்கணக்கில் அசையாத தண்ணீரில் தூசியெல்லாம் அடியில் படிந்துவிடுகிறது.

அந்த மாதக்கணக்கு ஏன் தேவை என்பதை ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 0.2 மில்லிமீட்டர் மணல் துகள் தண்ணீரில் ஒரு மீட்டர் இறங்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அதில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள களிமண் துகள் அதே ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். துகளின் குறுக்களவு பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்றாகிவிடும் என்பதுதான் இதற்குப் பின்னால் இருக்கும் விதி. கடலின் உப்பு இந்தத் துகள்களைத் திரளாக ஒட்டவைத்துச் சற்று வேகமாக இறக்கும். ஆனால் படகுத் துறையில் ஒவ்வொரு புரொப்பெல்லரும் அடிச்சேற்றைப் புதிதாகக் கிளப்பிவிட்டுக்கொண்டே இருக்கிறது. படிவதற்கு நேரம் ஏது?

சேறு அங்கே வந்து சேர்வதற்கும் ஒரு கதை உண்டு. சென்னைக் கரையோரம் மணல் ஆண்டு முழுவதும் நகர்கிறது. கூட்டிக் கழித்தால் பயணம் வடக்கு நோக்கித்தான். 1876இல் சென்னைத் துறைமுகத்தைக் கட்டத் தொடங்கி, அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது அந்தப் பயணம் தடைப்பட்டது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்து நின்றுபோய், ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் கரையை அரித்தது. இன்று அந்தக் கரையைக் காப்பது கொட்டி வைத்த பாறைகள். அலையைத் தடுக்கும் சுவருக்கு உள்ளே தண்ணீர் அமைதியாக இருக்கும். அமைதியான தண்ணீரில் வண்டல் இறங்கும். படகுக்கு எது பாதுகாப்போ அதுவே டைவருக்குச் சேறு.

டார்ச் அடித்தால் என்ன? மார்கழிப் பனிமூட்டத்தில் ஹை பீம் போட்ட காரின் கதிதான். கோடிக்கணக்கான துகள்கள் வெளிச்சத்தை டைவரின் கண்ணுக்கே திருப்பி அனுப்பும். அணைத்துவிட்டுக் கையால் தடவுவதே மேல்.

தெளிவான தண்ணீர் கிடைத்த பின்லாந்துக்காரர் அதற்கு ஒரு விலை கொடுக்கிறார்: மேலே வர ஒரே ஒரு வாசல்தான். அந்த வாசலைச் சுற்றி அவர்கள் செய்யும் ஏற்பாடு அழகானது. துளையை வட்டமாக வெட்டாமல் முக்கோணமாக அறுப்பார்கள். மூலையில் இரண்டு பக்க விளிம்பையும் கைகளால் ஊன்றி எழுவது எளிது. துளையைச் சுற்றியுள்ள வெண்பனியை ஆரங்களாக, அம்புக்குறிகளாகச் செதுக்கி ஒதுக்குவார்கள். வெண்பனி மூடிய இடம் கீழிருந்து பார்க்க இருட்டாகத் தெரியும். ஒதுக்கிய இடம் ஒளிக்கோடாக மின்னும். வழிதவறிய டைவர் அண்ணாந்து பார்த்தால், கூரை முழுக்க வாசலைச் சுட்டும் அம்புகள்! மண்வெட்டியால் போட்ட அந்த வழிகாட்டிக்கு பேட்டரி தேவையில்லை.

இன்னொரு சிக்கல் மூச்சில் இருக்கிறது. சிலிண்டரில் காற்று சுமார் 200 பார், அதாவது நாம் மூச்சுவிடும் காற்றைப் போல் 200 மடங்கு அழுத்தத்தில் அடைபட்டிருக்கும். அதை நுரையீரல் தாங்கும் அளவுக்கு இறக்குவது ரெகுலேட்டர் என்னும் வால்வுக் கருவி. அழுத்தம் சட்டென்று குறையும்போது காற்று மிகவும் குளிர்ந்துவிடும். சுற்றிலும் உறைநீர், மூச்சிலோ ஈரம். அந்த ஈரம் உறைந்து வால்வு திறந்தபடி நின்றுவிட்டால் காற்று நிற்காமல் கொட்டித் தீர்ந்துபோகும். அதனால் தண்ணீருக்குள் இறங்கும்வரை ரெகுலேட்டரில் மூச்சே விடாதே என்று பயிற்சியில் சொல்லிக்கொடுப்பார்கள். டைவர் விடும் குமிழிகளும் வெளியேற வழியில்லாமல் பனிக்கட்டியின் அடியில் தட்டையாகப் பரவி, பாதரசம்போல் மின்னிக்கொண்டு நிற்கும்.

இவ்வளவுக்கும் மேல் ஒரு கயிறு. டைவரின் உடம்பில் ஒரு முனை, மேலே காவலுக்கு நிற்பவர் கையில் மறுமுனை. பக்கத்தில் இன்னொரு டைவர் முழு உடுப்போடு உட்கார்ந்திருப்பார். அவருடைய கயிறு முதலாமவரின் கயிற்றைவிட நீளம், தேடிப் போய் எட்டுவதற்காக. 2021 மார்ச்சில் பின்லாந்தின் யோஹானா நோர்ட்ப்ளாட் வெட்சூட் இல்லாமல் ஒரே மூச்சில் பனிக்கட்டிக்கு அடியில் 103 மீட்டர் நீந்திச் சாதனை படைத்தார். அவரும் கட்டி வைத்த கயிற்றை ஒட்டியே நீந்தினார்.

காசிமேட்டிலும் பந்தயத்தைத் திருப்பக்கூடியது கயிறுதான். கண் தெரியாத தண்ணீரில் அங்கும் இங்கும் துழாவினால் தேடிய இடத்தையே திரும்பத் தேடுவோம். அதற்கு மாற்று ஊசல் தேடல். துறைச் சுவரில் ஸ்பேனர் விழுந்த இடத்துக்கு நேர் மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொள்வார். டைவர் கயிற்றை விறைப்பாக வைத்துக்கொண்டு அடித்தரையில் ஒரு கையால் தடவியபடி அரைவட்டம் போவார். விரல் சுவரில் முட்டினால் ஒரு சுற்று முடிந்தது. இழுத்துச் சைகை காட்டுவார்; மேலே இருப்பவர் ஒரு மீட்டர் கயிறு விடுவார்; டைவர் எதிர்த்திசையில் அடுத்த அரைவட்டம். எத்தனை இழுப்புக்கு என்ன பொருள் என்பதை இறங்கும் முன்பே பேசி முடிவு செய்திருப்பார்கள். கயிறு விறைப்பாக இருக்கும்வரை ஒரு சாண் தரைகூட விடுபடாது. குருட்டுத் தண்ணீரில் ஜியோமிதி கண்ணாகிவிடுகிறது. எனக்கு இதைவிட நேர்த்தியான தேடல் முறை தெரியவில்லை.

பத்து மீட்டர் வரை இப்படித் தேடினால் மொத்தம் 173 மீட்டர் தூரம் தவழ வேண்டும். தேடிய பரப்பு 157 சதுர மீட்டர், முக்கால் கிரவுண்டுக்குச் சற்றுக் குறைவு. விழுந்த இடம் சரியாக நினைவில்லை, முப்பது மீட்டர் வரை இருக்கலாம் என்றால்? பரப்பு மூன்று மடங்காகாது, ஒன்பது மடங்காகும். ஆறு கிரவுண்டுக்கு மேல்! அத்தனையையும் விரல் நுனியால் தடவ வேண்டும். கையுறை போட்டால் தொடுவுணர்வு மங்கும். போடாவிட்டால் கிளிஞ்சல், தூண்டில் முள், உடைந்த கண்ணாடி. பழைய நைலான் வலை இவற்றையெல்லாம்விடக் கொடியது; கண்ணுக்குத் தெரியாமல் காலைச் சுற்றும்.

ஆள் இறங்காமல் கயிறு மட்டும் இறங்கும் கருவி நம் வீடுகளில் இருந்தது. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக் கரண்டி. வளையத்திலிருந்து பல திசைகளிலும் வளைந்து தொங்கும் கொக்கிகள். எந்தப் பக்கம் இழுத்தாலும் ஏதாவது ஒன்று கைப்பிடியிலோ கயிற்றிலோ மாட்டும். தெருவுக்கு ஒன்றிரண்டு வீட்டில்தான் இருக்கும். ஒரு செம்பை ஈடாக வைத்துவிட்டு வாங்கிப் போவார்கள். வழுவழுப்பான ஸ்பேனர் அதில் சிக்காது. கயிற்றில் கட்டிய நியோடிமியம் காந்தம் அந்த வேலையைச் செய்யும். ஆனால் துறைமுகத்தின் அடியில் போல்ட், சங்கிலி, துருப்பிடித்த கம்பி என்று கிடப்பதெல்லாம் முதலில் ஒட்டிக்கொண்டு வரும்.

விழுந்தது செல்போனாக இருந்தால் கதை இன்னும் மோசம். ஸ்பேனர் ஏறக்குறைய நேராக இறங்கும். தட்டையான பொருள் பக்கவாட்டில் வழுக்கி, திரும்பி, மறுபக்கம் வழுக்கிக்கொண்டே போகும். காகிதத் துண்டு காற்றில் விழும் இந்த ஆட்டத்தைப் பற்றி 1850களிலேயே எழுதியவர், பின்னாளில் மின்காந்தச் சமன்பாடுகளால் புகழ்பெற்ற மாக்ஸ்வெல்.

கண்ணுக்குப் பதில் காதைப் பயன்படுத்தலாமே? தண்ணீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் ஓடும், காற்றில் 340தான். ஒலி இரண்டு காதுகளுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்தே நாம் திசையை அறிகிறோம். தண்ணீரில் அந்த வித்தியாசம் நாலில் ஒன்றுக்கும் கீழே சுருங்கிவிடுவதால், சத்தம் கேட்கும், எங்கிருந்து என்று தெரியாது. இயந்திரக் காதுகள் அந்தக் குறையைக் கடந்தவை. 2015 ஜூன் 8 அன்று சென்னையிலிருந்து கிளம்பிய கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் மூன்று பேருடன் காணாமல்போனது. அதன் கருப்புப் பெட்டியோடு இணைந்த ஒலிக்கருவியின் துடிப்பை ஐ.என்.எஸ். சிந்துத்வஜ் நீர்மூழ்கி கேட்டறிந்தது. ஜூலையில் ஏறத்தாழ 950 மீட்டர் ஆழத்திலிருந்து பெட்டி மேலே வந்தது. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து 29 பேருடன் போர்ட் பிளேர் கிளம்பி மறைந்த ஏ.என்.-32 விமானத்தின் சிதைவுகளைக் கண்டுபிடித்ததாக 2024 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. ஆழம் 3,400 மீட்டர். அங்கே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் சுமார் 340 கிலோ பாரம் அழுத்தும். அந்த ஆழத்தில் ஒலியால் தரையைப் படம்பிடித்தது, சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் அனுப்பிய தானியங்கி நீர்மூழ்கி.

அதே நிறுவனம் உருவாக்கிய இன்னொரு இயந்திரம், கம்பிவடத்தால் இயக்கும் ‘ப்ரோவ்’, 2015இல் அண்டார்டிகாவின் மைத்ரி நிலையத்தருகே பிரியதர்ஷினி ஏரிக்குள் இறங்கியது. பனிக்கண்டத்து ஏரியை ஆராய்ந்தது சென்னையில் உருவான இயந்திரம். மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோக அந்த நிறுவனம் உருவாக்கிவரும் ‘மத்ஸ்யா 6000’ கலத்தை 2025 தொடக்கத்தில் எண்ணூரை அடுத்த காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் நனைத்துப் பார்த்தார்கள். பல சோதனைகள் தேறின. தண்ணீருக்குள்ளான குரல் தொடர்பு மட்டும் அவ்வளவாக எடுபடவில்லை. துறைமுகத்தின் ஆழம் போதாததே காரணம் என்று அறிவித்தார்கள். ஆழமில்லாத தண்ணீரில் ஒலி தரையிலும் பரப்பிலும் மாறிமாறி மோதித் திரும்பிக் கலங்கிவிடும். ஆழ்கடலுக்கென்று உருவான கருவிக்கு எண்ணூர்ப் பக்கத்து ஆழமற்ற நீர் சவாலாகிவிட்டது.

இயந்திரங்கள் ஒருபுறமிருக்க, உங்கள் கையிலிருந்து ஏதாவது தண்ணீரில் நழுவினால், முதல் நிமிடத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இடத்தைப் பிடித்து வையுங்கள். துறைச் சுவரென்றால் நின்ற இடத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு. படகென்றால் ஒரு கயிற்றின் ஒரு முனையில் கனமான எதையாவது, மறுமுனையில் காலித் தண்ணீர் கேன் ஒன்றைக் கட்டி அங்கேயே போடுங்கள். கரையில் ஒரே நேர்க்கோட்டில் தெரியும் இரண்டு பொருள்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வேறொரு திசையில் இன்னும் இரண்டு. அனல்மின் நிலையப் புகைபோக்கி நல்ல அடையாளம். நகரும் கிரேனும் நங்கூரமிட்ட கப்பலும் ஆகாது. நீங்களே குதிக்காதீர்கள். டைவர் வந்ததும் அந்த இடத்தைக் காட்டுங்கள். முப்பது மீட்டர் தேடல் பத்து மீட்டராகக் குறைந்தால் அவருக்கு மிச்சமாவது ஐந்து கிரவுண்டுக்கு மேல்.