கேமரா லென்ஸில் கைரேகையா? துடைப்பது கடைசி வேலை!

என் அப்பாவின் அறுபதாம் கல்யாணம் வீட்டிலேயே நடந்தது. அப்போதுதான் ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கியிருந்தேன். போட்டோகிராபர் எதற்கு, நாமே எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொள்ளலாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். தாலி கட்டும் நேரத்துக்குச் சற்று முன்னால், அக்காள் மகன் முறுக்கு தின்ற கையோடு லென்ஸைத் தொட்டுவிட்டான். அவசரத்தில் தோளில் கிடந்த துண்டின் முனையால் இரண்டு முறை அழுத்தித் தேய்த்துவிட்டுப் படம் எடுக்கத் தொடங்கினேன். கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது.

இரவு படங்களைக் கம்ப்யூட்டரில் காப்பி செய்து பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. காலையில் எடுத்தவை பளிச்சென்று இருந்தன. துண்டால் துடைத்த பிறகு எடுத்தவை எல்லாம் புகைக்கு நடுவே எடுத்தவை போல வெளுத்துக் கிடந்தன. குத்துவிளக்கின் சுடரிலிருந்து ஒரு வெளிச்சக் கோடு படத்தின் குறுக்கே ஓடியது. கம்ப்யூட்டரில்தான் கோளாறு என்று நினைத்து பைல்களை மறுபடி காப்பி செய்தேன். மானிட்டரின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தேன். இரண்டு நாள் இப்படியே போனது. குற்றவாளி என் துண்டு!

இந்தத் தவறை நீங்கள் செய்யாமல் இருக்க, லென்ஸில் படியும் கைரேகையையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பத்திரமாக எடுப்பது எப்படி என்று பார்ப்போம்.

கோளாறு எங்கே? முதலில் கண்டுபிடியுங்கள்

படம் மங்கலாக இருந்தால் உடனே லென்ஸைத் துடைக்க ஓடாதீர்கள். கீழ்க்கண்டவற்றைச் சோதியுங்கள்.

மானிட்டரா? நன்றாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்த வேறு ஒரு படத்தை அதே மானிட்டரில் திறந்து பாருங்கள். அது தெளிவாக இருந்தால் மானிட்டர் மேல் பழி இல்லை.

பைலா? பைல் கெட்டுப் போனால் படம் திறக்காது. அல்லது பாதிப் படம் சாம்பல் நிறமாகவோ, தாறுமாறான வண்ணப் பட்டைகளாகவோ தெரியும். பைல் கெட்டதால் படம் புகை படிந்தது போல ஆகாது.

லென்ஸா? இரவில் ஒரு தெருவிளக்கைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். விளக்கைச் சுற்றிப் பனி மூட்டம் போலவோ, ஒரே திசையில் நீண்ட கோடாகவோ வெளிச்சம் பரவியிருந்தால் லென்ஸில் பிசுக்கு இருக்க வாய்ப்பு அதிகம். பிறகு ஒரு சிறிய டார்ச்சைச் சாய்வாக அடித்து லென்ஸைப் பாருங்கள். கைரேகை இருந்தால் வரிவரியாகத் தெரியும்.

இன்னொன்று. எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் ஒரு கரும்புள்ளி இருந்தால் அது லென்ஸின் முன்பக்கத் தூசி அல்ல. லென்ஸ் கழற்றி மாட்டும் பெரிய கேமராக்களில், உள்ளே இருக்கும் சென்சார் மேல் தூசி விழுந்தால்தான் பெரும்பாலும் இப்படி வரும். அங்கே நீங்கள் கை வைக்க வேண்டாம். சர்வீஸ் செய்பவரிடம் கொடுங்கள். லென்ஸின் முன்பக்கத்தில் இருக்கும் ஒன்றிரண்டு தூசிகள் போகஸ் ஆகாததால் படத்தில் தெரிவதே இல்லை. எனவே ஒரு தூசியைப் பார்த்ததும் துணியை எடுக்க வேண்டிய அவசியமே கிடையாது.

லென்ஸ் வெறும் கண்ணாடி அல்ல

ஜன்னல் கண்ணாடியைத் துடைக்கிறோம், மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிறோம், இதற்கு மட்டும் என்ன இவ்வளவு பயம் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது.

சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் ஏறக்குறைய 4 சதவீத ஒளி பிரதிபலித்துத் திரும்பிவிடும். ஒரு லென்ஸுக்குள் 5 கண்ணாடிகள் தனித்தனியாக இருந்தால் மொத்தம் 10 பரப்புகள். கணக்குப் போட்டால் மூன்றில் ஒரு பங்கு ஒளி வழியிலேயே போய்விடும். அது மட்டுமல்ல, திரும்பிய ஒளி உள்ளேயே அங்கும் இங்கும் மோதிப் படத்தை வெளுக்க வைக்கும். இதைத் தடுக்க லென்ஸ் மேல் மிக மெல்லிய பூச்சு ஒன்று பூசுகிறார்கள். 1935-ல் ஜெர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனத்தில் பணிபுரிந்த அலெக்சாண்டர் ஸ்மகுலா இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார். மக்னீசியம் புளோரைடு என்ற பொருளால் பூசப்படும் படலத்தின் தடிமன் சுமார் 100 நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு! லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் ஊதா, பச்சை நிறம் மின்னுகிறதே, அது இந்தப் பூச்சின் வேலை.

விரல் பட்டால் தோலின் எண்ணெயும் வியர்வையின் உப்பும் இந்தப் பூச்சின் மேல் படிகின்றன. அங்கே ஒளி நேராகப் போகாமல் சிதறுகிறது. படம் வெளுக்கிறது. இதுவரை பெரிய ஆபத்து இல்லை, கழுவினால் போய்விடும். ஆனால் அந்த எண்ணெயில் மணல் துகள் ஒட்டியிருக்கும்போது தேய்த்தால்தான் வினை. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் கண்ணாடி சுமார் 5.5, மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. அதாவது தேய்க்கும் துணி உப்புத்தாள் மாதிரி ஆகிவிடுகிறது. என் துண்டில் திருநீறும் இருந்தது. சாம்பலிலும் சிலிக்கா உண்டு. நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார்களே, அதே வேலையை நான் லென்ஸ் மேல் செய்திருக்கிறேன்!

தேவையான பொருட்கள்

கேமரா கடைகளில் சில நூறு ரூபாய்க்கு இவை கிடைக்கும்.

1. ரப்பர் புளோயர் (கையால் அமுக்கினால் காற்று வரும் ரப்பர்ப் பந்து)
2. மிருதுவான லென்ஸ் பிரஷ்
3. மைக்ரோ பைபர் துணி, இரண்டு
4. லென்ஸ் துடைக்கும் திரவம், சிறிய பாட்டில்

நான்கையும் வாங்க முடியாவிட்டால் புளோயரையும் துணியையும் மட்டுமாவது வாங்குங்கள்.

எப்படிச் செய்வது?

1. மின்விசிறியை நிறுத்துங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துக் கொள்ளுங்கள். நல்ல வெளிச்சத்தில், மேசைமேல் சுத்தமான துணி விரித்து உட்காருங்கள்.

2. சிறிய கேமராக்களில் ஆன் செய்தால்தான் லென்ஸ் வெளியே நீளும். அப்படி நீண்ட குழாயை ஒருபோதும் அழுத்தாதீர்கள். அதை நகர்த்தும் நுண்ணிய பற்சக்கரங்கள் உள்ளே இருக்கின்றன.

3. லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு புளோயரால் ஐந்தாறு முறை காற்றடியுங்கள். கிளம்பும் தூசி கீழே விழும். பல சமயங்களில் வேலை இத்துடன் முடிந்துவிடும்.

4. ஒட்டிக்கொண்ட துகள்களைப் பிரஷ்ஷால் லேசாகத் தட்டிவிடுங்கள். பிரஷ்ஷின் முடியை விரலால் தொட வேண்டாம். விரலின் எண்ணெய் பிரஷ் வழியாக லென்ஸுக்கு வந்துவிடும். மறுபடி ஒருமுறை காற்றடியுங்கள்.

5. இப்போதும் கைரேகை தெரிகிறதா? வாயைத் திறந்து "ஹா" என்று மெல்ல ஆவி விட்டு, அது மறைவதற்குள் மைக்ரோ பைபர் துணியால் துடையுங்கள். உதட்டைக் குவித்து "பூ" என்று ஊதக் கூடாது, எச்சில் தெறிக்கும். லென்ஸின் நடுவில் தொடங்கி, வட்டமாகச் சுற்றியபடி ஓரத்துக்கு வாருங்கள். துணியின் கனமே போதும், விரல் அழுத்தம் வேண்டாம்.

6. எண்ணெய்ப் பிசுக்கு அதிகமாக இருந்தால் திரவம் தேவை. ஒன்றிரண்டு சொட்டுகளைத் துணியில்தான் விட வேண்டும். நேராக லென்ஸில் விட்டால் ஓரத்து இடுக்கு வழியாக உள்ளே கசிந்துவிடும். முன்போலவே நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்து, துணியின் உலர்ந்த பக்கத்தால் ஒருமுறை ஒற்றி எடுங்கள். ஒருமுறை பட்ட பக்கத்தை மறுபடி பயன்படுத்தாமல் துணியை மடித்து மாற்றிக் கொள்ளுங்கள்.

7. டார்ச் அடித்துப் பாருங்கள். போகவில்லை என்றால் அழுத்தாதீர்கள். 6-ஆவது வேலையையே இன்னொரு முறை செய்யுங்கள்.

கடற்கரைக்குப் போய் வந்தீர்களா? லென்ஸில் தெறித்த உப்புநீர் காய்ந்தால் உப்புத் துகளாகிவிடும். உலர்ந்த துணியால் தொடாதீர்கள். காற்றடித்த பிறகு, டிஸ்டில்டு வாட்டரில் லேசாக நனைத்த துணியால் உப்பைக் கரைத்து எடுங்கள். அதன் பிறகுதான் மற்றவை.

செய்யக் கூடாதவை

சட்டை, துண்டு, புடவைத் தலைப்பு, செய்தித்தாள், முகம் துடைக்கும் டிஷ்யூ எதுவும் வேண்டாம். வீட்டு ஜன்னல் துடைக்கும் திரவங்கள் சிலவற்றில் அம்மோனியா இருக்கும், அது பூச்சுக்கு ஆகாது. நகப்பூச்சு அகற்றும் அசிட்டோன், பிளாஸ்டிக் பாகங்களைக் கரைத்துவிடும். கைக்குப் போடும் சானிடைசரில் கிளிசரின் போன்றவை கலந்திருப்பதால் லென்ஸில் படலம் படியும். கம்ப்யூட்டர் தூசி போக்க விற்கும் காற்று டப்பாவைச் சாய்த்து அடித்தால் உள்ளிருக்கும் குளிர்ந்த திரவமே லென்ஸில் பீய்ச்சும். கீபோர்டையும் மானிட்டரையும் துடைத்த துணியால் லென்ஸைத் துடைக்காதீர்கள். லென்ஸ் துணிக்குத் தனி உறை இருக்கட்டும். அதைத் துவைக்கும்போது மென்மையாக்கும் திரவம் சேர்க்க வேண்டாம், அதன் மெழுகு லென்ஸில் ஒட்டும்.

மொபைல், வெப் கேமரா

மொபைல் கேமராவை நாள் முழுவதும் விரலும் கன்னமும் சட்டைப் பையும் தொடுகின்றன. அதன் மேல் கண்ணாடி கடினமானது என்றாலும், முதலில் காற்று, பிறகு ஈரம், கடைசியில் துடைத்தல் என்ற வரிசையை மாற்ற வேண்டாம். லேப்டாப்பின் வெப் கேமராவில் உங்கள் முகம் மங்கலாகத் தெரிந்தால், அடிக்கடி லேப்டாப் மூடியைத் திறக்கும் உங்கள் கட்டைவிரலைச் சந்தேகியுங்கள். லேப்டாப்பை ஆப் செய்துவிட்டு, லேசாக ஈரமாக்கிய துணியால் மெதுவாகத் துடைத்தால் போதும். நேராக ஸ்பிரே அடிக்கக் கூடாது. மூடியை அழுத்தவும் கூடாது, உள்ளே இருப்பது மெல்லிய திரை.

வராமல் தடுக்க

படம் எடுத்து முடித்ததும் லென்ஸ் மூடியைப் போடுங்கள். லென்ஸ் முன் பில்டர் மாட்ட வசதி இருந்தால் மாட்டுங்கள். கீறினாலும் பில்டரை மட்டும் மாற்றினால் போதும். மழைக்காலத்தில் கேமராவைத் தோல் உறையிலேயே மாதக்கணக்கில் பூட்டி வைத்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். சிலந்தி வலை போல உள்ளே தெரிவது அதுதான், துடைத்துப் போகாது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுடன் கேமராவை வையுங்கள்.

என் கதைக்கு வருகிறேன். பிறகு முறையாகச் சுத்தம் செய்தபோது பிசுக்கு போய்விட்டது. துண்டு போட்ட மெல்லிய கீறல்கள் போகவில்லை. விளக்குக்கு எதிரே எடுத்தால் அந்தக் கேமராவின் படங்கள் கடைசி வரை வெளுத்தே வந்தன. அறுபதாம் கல்யாணப் படங்களைச் சாப்ட்வேரில் திறந்து கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினேன். புகை கொஞ்சம் விலகியது. ஆனால் அப்பா நெற்றியின் திருநீற்றுப் பட்டை வெளிச்சத்தோடு கலந்தது கலந்ததுதான். கேமரா பதிவு செய்யாததை எந்த சாப்ட்வேரும் திருப்பித் தர முடியாது.

அப்பா இப்போது இல்லை. அம்மா கழுத்தில் அவர் இரண்டாம் முறை தாலி கட்டும் படம் எங்களிடம் அந்த ஒன்றுதான் இருக்கிறது.

உங்கள் வீட்டில் அடுத்த விசேஷம் எப்போது? அதற்கு முதல் நாளே கேமராவை எடுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கியும் பார்த்துவிடுங்கள்.