நிற்கும் இடத்தைச் சொல்லும் செல்போன்

சௌகரியமும் உண்டு, சங்கடமும் உண்டு

சாலையில் நின்று கேட்டால் டிக்கெட் கிடைக்கும். அதே ஆசாமி, அதே செல்போன், அதே பணம். படியேறிப் பிளாட்பாரத்துக்குப் போய்விட்டால் கிடைக்காது!

இது என்ன வேடிக்கை என்கிறீர்களா? செல்போன் டிக்கெட் வந்த புதிதில் கோட்டூர்புரம் பறக்கும் ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிரயாணிகள் கண்டு திகைத்த வேடிக்கைதான் இது. தாங்கள் எங்கே நிற்கிறோம் என்பது ரயில்வேக்குத் தெரிந்திருக்கிறதே என்று அவர்கள் வியந்தார்கள். ஆனால், அந்தச் சேதியைச் சொல்லிவிட்டது அவர்கள் கையிலிருந்த செல்போனே!

இன்று ரயில் நிலையத்தில் மட்டும் அல்ல; துணிக்கடையில், காபிக் கடையில், விமான நிலையத்தில், வீட்டு வாசலில், எங்கே நின்றாலும் நாம் நிற்கும் இடத்தை அறிந்துகொண்டு வேலை செய்யும் சேவைகள் பெருகிவிட்டன. அவற்றால் நமக்கு என்ன லாபம்? பிறருக்கு என்ன லாபம்? இதைத் தெரிந்துகொள்வது ஒவ்வொருவருக்கும் அவசியம்.

கண்ணுக்குத் தெரியாத வேலி

முதலில் ரயில் டிக்கெட்டின் கதையைப் பார்ப்போம். 2015 ஏப்ரலில் எழும்பூர்–தாம்பரம் மார்க்கத்தில் காகிதம் இல்லாத செல்போன் டிக்கெட்டை ரயில்வே கொண்டுவந்தது. பிறகு மற்ற மார்க்கங்களுக்கும் அது பரவியது. க்யூவில் நிற்க வேண்டாம், சில்லறை தேட வேண்டாம் என்று ஜனங்கள் மகிழ்ந்தார்கள்.

ஆனால் அதிகாரிகளுக்கு ஒரு கவலை. ஒருவர் டிக்கெட் வாங்காமலே வண்டி ஏறிவிடுகிறார். தூரத்தில் பரிசோதகரின் தலை தெரிகிறது. உடனே செல்போனை எடுத்து ஒரு டிக்கெட் வாங்கிவிடுகிறார். என்ன செய்வது?

இதற்கு அவர்கள் கண்ட யுக்திதான் கண்ணுக்குத் தெரியாத வேலி. நிலையத்தையும் தண்டவாளத்தையும் சுற்றித் தேசப்படத்தில் ஒரு கோடு போட்டார்கள். செல்போன் அந்தக் கோட்டுக்குள் இருந்தால் டிக்கெட் தராதே என்று செயலிக்கு உத்தரவு. நிலையத்துக்கு வந்துவிட்டவர்களுக்காக, அங்கே ஒட்டியிருக்கும் கட்டம்கட்டமான 'க்யூ.ஆர்.' சித்திரத்தைப் படம் பிடித்து டிக்கெட் வாங்கும் வழியையும் வைத்தார்கள். நிலையத்திலிருந்து வெகு தூரத்தில் இருப்பவர் வாங்க முடியாது என்று இருந்த இன்னொரு விதி 2024-ல் நீக்கப்பட்டது. 2025 ஜூலையில் 'ரயில்ஒன்' என்ற புதுச் செயலியும் வந்துவிட்டது.

வேலி என்றால் முள்ளும் கம்பியும் என்று நினைத்த காலம் போய்விட்டது. இந்த வேலி கணக்கில் மட்டுமே இருக்கிறது. கணக்கு என்றால் பிழையும் இருக்கும். செல்போன் சொல்லும் இடத்தில் ஐந்து, பத்து மீட்டர் பிழை சகஜம். அதிலும் பறக்கும் ரயில் நிலையம் உயரத்தில் இருக்கிறது. சாலை அதன் அடியில் ஓடுகிறது. கீழே நிற்கிறவரையும் மேலே நிற்கிறவரையும் தேசப்படம் ஏறக்குறைய ஒரே புள்ளியாகத்தான் பார்க்கிறது.

ஆகாயத்திலிருந்து வரும் சேதி

கோட்டூர்புரத்துக்கு வருகிற பள்ளிப் பிள்ளைகள் பிர்லா கோளரங்கத்தில் நட்சத்திரங்களைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதே ஆகாயத்தில் மனிதன் அனுப்பிய செயற்கைக் கோள்களும் சுற்றுகின்றன. ஜி.பி.எஸ். என்ற அமெரிக்கக் கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மிகத் துல்லியமான அணுக் கடியாரம் உண்டு. 'இப்போது மணி இன்னது. நான் இருப்பது இங்கே' என்று ஒவ்வொரு கோளும் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சேதி பூமிக்கு வந்து சேர ஒரு விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. நான்கு கோள்களின் சேதியைக் கேட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு தாமதமாக வந்தது என்று கணக்குப் போட்டால் நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும்.

கடியாரம் ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினாலும் இடம் 300 மீட்டர் தவறிவிடும்! கோட்டூர்புரத்தில் இருப்பவரை அடையாற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

ஆரம்பத்தில் ராணுவத்துக்காக ஏற்பட்ட வசதி இது. பொதுஜனங்களுக்குக் கிடைக்கும் சேதியில் அமெரிக்க அரசாங்கம் வேண்டுமென்றே கொஞ்சம் பிழையைக் கலந்து வைத்திருந்தது. 2000-ம் வருஷம் மே மாதத்தில் அதை நிறுத்தியது. பிறகே இந்த வியாபாரமெல்லாம் தழைத்தது. நம் நாடும் சும்மா இருக்கவில்லை. 2013 ஜூலை முதல் 2016 ஏப்ரல் வரை ஏழு கோள்களை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது. அந்த ஏற்பாட்டுக்கு 'நாவிக்' என்று பெயர்.

இங்கே ஒரு முக்கிய விஷயம். ஆகாயத்திலுள்ள கோளுக்கு நம்மைத் தெரியவே தெரியாது. அது பேசுகிறது, நம் செல்போன் கேட்கிறது, அவ்வளவுதான். இடத்தைக் கண்டுபிடித்து வெளியே சொல்வது செல்போனிலுள்ள செயலிகளே. ஊரை விட்டு வெளியே போகிற சேதியானாலும், வாயில் நம் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

கூரைக்குள் வந்தால்?

அண்ணா நூற்றாண்டு நூலகத்தைப் போன்ற பெரிய கட்டடத்துக்குள் நுழைந்துவிட்டால் கோள்களின் மெல்லிய சேதி கான்கிரீட்டைத் தாண்டி நன்றாக வருவதில்லை. அப்போது செல்போன் வேறு அடையாளங்களைத் தேடுகிறது. செல்போன் கோபுரம் எது? பக்கத்தில் எந்தெந்த வைஃபை பெட்டிகள் இருக்கின்றன? ஒவ்வொரு வைஃபை பெட்டியும் தனக்குரிய எண்ணைச் சொல்லிக்கொண்டே இருக்கும். எந்த எண் எந்தத் தெருவில் கேட்கும் என்று பெரிய கம்பெனிகள் பட்டியல் எழுதி வைத்திருக்கின்றன.

இதைவிடச் சிறிய யந்திரம் ஒன்று உண்டு. அதற்குப் 'பீக்கன்' என்று பெயர். சின்ன டப்பா, உள்ளே பாட்டரி. புளூடூத் மூலம் தன் எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்வதுதான் அதன் வேலை. செல்போனில் கடையின் செயலி இருந்தால் அந்த எண்ணைக் கேட்டதும், 'இவர் செருப்புப் பகுதிக்கு வந்துவிட்டார்' என்று தெரிந்துகொள்ளும். உடனே செருப்புக்குத் தள்ளுபடி என்று ஒரு சேதி வரும். 2013 டிசம்பரில் ஆப்பிள் கம்பெனி அமெரிக்காவிலுள்ள தன் கடைகளில் இந்த முறையைக் கொண்டுவந்தது.

கடைக்காரரின் கணக்கு

வாடிக்கையாளரைக் கவனிப்பது புது விஷயமா? தியாகராய நகர்த் துணிக்கடை வாசலில், "வாங்க அக்கா, உள்ளே வந்து பாருங்க" என்று கூப்பிடும் சிப்பந்திக்கு எல்லாம் தெரியும். எந்த அம்மாள் பட்டு எடுக்க வந்தவர், யார் விலை கேட்டுவிட்டுப் போகிறவர் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆனால் இரவு கடை மூடியதும் அவர் பாதியை மறந்துவிடுவார். யந்திரம் மறப்பதில்லை. அது வித்தியாசம். இன்னொரு வித்தியாசமும் உண்டு. சிப்பந்தி நம்மைப் பார்ப்பதை நாமும் பார்க்கிறோம். யந்திரம் பார்ப்பது நமக்குத் தெரிவதில்லை.

அமெரிக்காவில் நார்ட்ஸ்ட்ராம் என்ற பெரிய கடை, தன் சில கிளைகளில் வாடிக்கையாளர்களின் செல்போன்கள் வைஃபையைத் தேடும்போது விடும் எண்ணைப் பிடித்து, யார் எந்தப் பகுதியில் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று கணக்கெடுத்தது. வாசலில் அறிவிப்புப் பலகை வைத்ததும் ஜனங்கள் ஆட்சேபித்தார்கள். 2013 மே மாதத்தில் கடை அதை நிறுத்திவிட்டது. அதே வருஷம் லண்டன் நகரில் தெருவோரக் குப்பைத் தொட்டிகளில் இத்தகைய யந்திரத்தை வைத்து, போகிறவர் வருகிறவர் செல்போன்களைக் கணக்கெடுத்தார்கள். நகர நிர்வாகம் ஆகஸ்டில் அதை நிறுத்தச் சொல்லிவிட்டது. குப்பைத் தொட்டிகூட நம்மை வேவு பார்த்த கதை இது! அடுத்த வருஷத்திலிருந்து, வைஃபையைத் தேடும்போது உண்மை எண்ணைச் சொல்லாமல் பொய் எண்ணைச் சொல்லும் தந்திரம் செல்போன்களில் வர ஆரம்பித்தது.

காபிக் கடைகளில் வைஃபை வேண்டுமென்றால் செல்போன் எண்ணைக் கேட்டு, ஓ.டி.பி. அனுப்புகிறார்களே, அது எதற்கு? பொது இடத்து வைஃபையை உபயோகிப்பவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும் என 2009-ல் மத்திய அரசாங்கம் விதி செய்தது. பாதுகாப்புக்காக வந்த விதி. ஆனால் அந்த எண்ணையே பிற்பாடு விளம்பரத்துக்கும் உபயோகிக்கலாம் என்று அந்த விதி சொல்லவில்லை. இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன கடை என்ற குறிப்போடு சேரும்போது அந்தப் பத்து இலக்கம் ஒரு மனிதரின் நடமாட்டக் குறிப்பாகிவிடுகிறது.

விமான நிலையத்தில்

இடம் அறியும் சேவையால் பிரயாணிகளுக்கு உண்மையான உபகாரம் கிடைக்கும் இடம் விமான நிலையம். லண்டனுக்கு அருகிலுள்ள காட்விக் விமான நிலையத்தில் 2017-ல் சுமார் 2,000 பீக்கன்களைப் பொருத்தினார்கள். செல்போனைக் கையில் பிடித்தால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அம்புக்குறி வழி காட்டும். ஆட்களின் சொந்த விவரம் எதையும் சேர்ப்பதில்லை, கூட்டம் எங்கே அதிகம் என்று மட்டும் பார்ப்போம் என்று நிர்வாகம் அப்போதே சொல்லியது. வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு வேலையை முடிக்க முடியும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

விமான நிலையத்துக்கு வெளியே காத்திருக்கும் டாக்சிக்காரர்களின் கதை வேறு. பல விமான நிலையங்களில் கால் டாக்சிச் செயலிகள் ஒரு வேலி போட்டு வைத்திருக்கின்றன. குறிப்பிட்ட இடத்துக்குள் இருக்கும் வண்டிகளுக்கு வரிசைப்படி சவாரி. டீ குடிக்க வண்டியை எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டிப் போய்விட்டால் வரிசையில் இடம் போய்விடலாம். பிரயாணிக்குச் சௌகரியமாக இருப்பது டிரைவருக்குக் கட்டாயமாகிவிடுகிறது.

சாப்பாட்டுப் பை தூக்கும் பையன்களின் நிலையும் இதுதான். கோட்டூர்புரத்தில் ஒரு வீட்டின் குறி தேசப்படத்தில் அடையாற்றின் மறுகரையில் விழுந்துவிட்டால், பாலத்தைச் சுற்றி வர வேண்டியவன் அவன். பெட்ரோல் அவனுடையது. வண்டி நகரவில்லையே என்று செல்போனில் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டுக்காரருக்கு அந்தச் சங்கடம் தெரிவதில்லை.

வெள்ளம் வந்தபோது

இவ்வளவும் சொல்லிவிட்டு, இதெல்லாம் வேண்டவே வேண்டாம் என்று தள்ளிவிட முடியுமா? முடியாது. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரை புரண்டபோது கோட்டூர்புரத்தில் வெள்ளம் புகுந்தது. அப்போது எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று ஜனங்களே குறித்துச் சொல்ல, ஒரு வெள்ளத் தேசப்படம் உருவாயிற்று. 'நான் பத்திரமாக இருக்கிறேன்' என்று உறவினருக்குச் சொல்லும் வசதியைப் பேஸ்புக் திறந்துவைத்தது. வெளியூரில் தவித்த பிள்ளைகளுக்கு அது எவ்வளவு ஆறுதல்!

ஆனால் மின்சாரம் போய், கோபுரங்கள் பல ஓய்ந்து, பாட்டரியும் தீர்ந்த வீடுகளில் செல்போன் இருந்தும் பயனில்லை. அங்கே படகில் வந்தவர்களுக்கு வழி சொன்னது அக்கம்பக்கத்தாரின் குரல்தான். மேல் மாடியில் ஒரு பாட்டி இருக்கிறார் என்பது எந்தச் செயலிக்கும் தெரியாமல் போகலாம். எதிர் வீட்டுக்காரருக்குத் தெரியும்.

ஆபத்தில் இருக்கும் பெண்களின் இருப்பிடத்தைப் போலீஸ் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவிக்கும் 'காவலன் எஸ்.ஓ.எஸ்.' செயலியைத் தமிழகப் போலீஸ் 2018-ல் கொண்டுவந்தது. இடம் தெரிவது உயிரைக் காப்பதும் உண்டு என்பதை மறுப்பார் யார்?

கோர்ட்டு என்ன சொல்கிறது?

அந்தரங்கம் ஒவ்வொருவருக்கும் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-ம் தேதி தீர்ப்பளித்தார்கள். 2024 ஜூலையில் இன்னொரு தீர்ப்பு வந்தது. ஜாமீனில் விடப்பட்ட ஒருவர், தாம் இருக்கும் இடம் போலீஸ் அதிகாரிக்குத் தெரியும்படி கூகுள் தேசப்படத்தில் குறி போட வேண்டும் என்ற நிபந்தனையைச் சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தது. ஓயாமல் பின்தொடர்வது அந்தரங்க உரிமைக்கு விரோதம் என்றது. குற்றம் சாட்டப்பட்டவருக்கே இந்த உரிமை உண்டு என்றால், செருப்பு வாங்கப் போகிறவருக்கு இல்லாமல் போகுமா?

சொந்த விவரங்களைக் காக்கும் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லி, சம்மதம் பெற்று, அந்தக் காரியத்துக்கு மட்டும் உபயோகிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். அமெரிக்காவில், இடம் அறியும் வசதியை மூடிவிட்டதாக ஜனங்கள் நம்பிய பிறகும் தொடர்ந்து கவனித்ததாக எழுந்த வழக்கில், கூகுள் கம்பெனி 2022 நவம்பரில் 40 மாநிலங்களுக்கு 39 கோடியே 15 லட்சம் டாலர் தரச் சம்மதித்தது.

நாம் செய்ய வேண்டியது

செல்போனின் அமைப்புப் பகுதியில் 'இருப்பிடம்' என்ற இடத்துக்குப் போனால், எந்தெந்தச் செயலிக்கு நம் இடம் தெரியும் என்ற பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 'எப்போதும்', 'உபயோகிக்கும்போது மட்டும்', 'வேண்டாம்' என்று பிரிவுகள் உண்டு. புதிய செல்போன்களில், துல்லியமான இடத்தைச் சொல்லாமல் உத்தேசமான இடத்தை மட்டும் சொல்லும் வசதியும் இருக்கிறது. மழை வருமா என்று சொல்லும் செயலிக்கு நம் ஊர் தெரிந்தால் போதும். வீட்டு வாசல் தெரிய வேண்டியதில்லை. டாக்சிக்கு வாசல் தெரிய வேண்டும். சவாரி முடிந்த பிறகு தெரிய வேண்டியதில்லை. டார்ச் விளக்குச் செயலி இடம் கேட்டால், எதற்கு என்று நாம் கேட்க வேண்டும்.

ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போகிறோம். செடிக்குத் தண்ணீர் ஊற்றவும், பால் பாக்கெட் எடுத்து வைக்கவும் கொடுக்கிறோம். திரும்பி வந்ததும் வாங்கிக்கொள்கிறோம். நாம் நிற்கும் இடமும் அப்படி ஒரு சாவிதான். நம்பிக்கையானவரிடம், ஒரு காரியத்துக்காக, ஒரு தவணைக்குக் கொடுக்கலாம். கேட்டவருக்கெல்லாம் கொடுத்துவிட்டு மறந்துவிடக் கூடாது.