மேசைக்கு யார் காசு கட்டுவது?

நண்பர்களோடு சேர்ந்து வெளியே சாப்பிடுவது நட்பை வளர்க்கிறதா, அல்லது செலவையும் நோயையும் வளர்க்கிறதா? குடும்பம், இளைஞர், சிக்கனம், ஆரோக்கியம் என்று எந்தத் தலைப்பில் விவாதம் தொடங்கினாலும், பேச்சு கடைசியில் மாமாக் கடை மேசையில் வந்து நிற்பது வழக்கமாகிவிட்டது. ஒரு சாரார் அதை வீண் பொழுதுபோக்கு என்கிறார்கள். மறு சாரார், உழைத்துக் களைத்தவனுக்கு அது ஒன்றுதான் ஆறுதல் என்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் உண்மை இருக்கிறது. ஆகவே, இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது, அதன் உண்மையான விலை என்ன என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது.

லயத்து வாசலிலிருந்து கடை மேசைக்கு

உலு சிலாங்கூர் மாவட்டத்தில் உள்ள புக்கிட் செந்தோசாவை எடுத்துக்கொள்வோம். பக்கத்திலுள்ள புக்கிட் பெருந்தோங்கைப் போலவே இதுவும் 1990-களில் உருவான குடியிருப்பு நகரம். பெரிய எதிர்பார்ப்போடு கட்டப்பட்ட இந்த நகரங்களை 1997, 1998-ஆம் ஆண்டுகளின் ஆசிய நிதி நெருக்கடி கடுமையாகத் தாக்கியது. வாங்க ஆளின்றி வீடுகளும் கடைவீடுகளும் பூட்டிக் கிடந்தன. பின்னர் விலை மலிவாக இருந்த காரணத்தால் குறைந்த வருமானக் குடும்பங்கள் பல இங்கே குடியேறின. சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வெளியேறிய தமிழ்க் குடும்பங்களும் அவற்றில் அடங்கும்.

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குக் கூட்டாளிகளைச் சந்திக்கத் தனி இடம் தேவைப்படவில்லை. லயத்து வாசல், கோயில் திடல், பந்து விளையாடும் திடல், மளிகைக் கடை வாங்கு ஆகியவையே போதுமானதாக இருந்தன. வீட்டில் கொதிக்கும் தேநீரில் இன்னும் ஒரு குவளைத் தண்ணீர் சேர்த்தால் வந்தவருக்கும் ஆகிவிடும். கடையில் வாங்கியதை 555 கணக்குப் புத்தகத்தில் எழுதிச் சம்பள நாளில் தீர்ப்பார்கள்.

ஆனால், அந்த வாழ்க்கையை முழுக்க முழுக்கப் பொற்காலம் என்று சொல்லிவிடவும் முடியாது. ஆண்கள் கூடுவதற்கென்றே தோட்டங்களில் அமைந்த இடம் கள்ளுக்கடை. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர்கள் சம்பளத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றார்கள். உறவினர்களும் நண்பர்களும் தோட்டத்திற்குள் தடையின்றி வந்துபோக அனுமதிக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். ஒரு நண்பன் வீடு தேடி வருவதற்குக்கூட நிர்வாகத்தின் தயவை எதிர்பார்க்க வேண்டியிருந்த காலம் அது. நினைத்த நேரத்தில், நினைத்த நண்பனோடு, நினைத்த கடையில் உட்கார்ந்து தேநீர் குடிப்பது இன்று சாதாரணமாகத் தெரியலாம். பாட்டன் தலைமுறை அதைப் போராட்டக் கோரிக்கையாக எழுதிக் கொடுத்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

தோட்டத்தை விட்டு வீடமைப்புப் பகுதிக்கு வந்ததும் நிலைமை மாறியது. வரிசை வீடுகளில் வாசல் குறுகியது; இரும்புக் கதவு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வேறு ஊர், வேறு வேலை. சிலர் சுங்கை சோவில் உள்ள பெரோடுவா தொழிற்சாலைக்கும், சிலர் தஞ்சோங் மாலிமில் உள்ள புரோட்டோன் தொழிற்சாலைக்கும், இன்னும் பலர் நெடுஞ்சாலை வழியாகத் தலைநகருக்கும் வேலைக்குப் போகிறார்கள். ஷிப்ட் முடிந்து வரும் ஒருவர் இரவு பதினொரு மணிக்கு நண்பன் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. ஆனால், கடை திறந்திருக்கும். ஆக, பழைய லயத்து வாசலின் வேலையை இன்று கடை மேசை செய்கிறது.

எல்லாரும் உட்காரும் மேசை

அந்த மேசைக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. தமிழ் முஸ்லிம்களைக் குறிக்கும் ‘மாமாக்’ என்ற சொல்லே தமிழின் ‘மாமா’விலிருந்து வந்ததுதான். தமிழ்நாட்டிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்கள் பினாங்கில் காவுத்தடியின் இரு முனைகளிலும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டு விற்றதிலிருந்து நாசி கண்டார் பிறந்தது. ‘கண்டார்’ என்பது அந்தத் தடியைக் குறிக்கும் சொல். ஹலால் உணவு என்பதால் மலாய் நண்பர் தயங்காமல் வருகிறார். சீன நண்பருக்கு மீ கோரிங் இருக்கிறது. சைவம் சாப்பிடுகிறவர் தோசையோ ரொட்டி சானாயோ பருப்புக் குழம்போடு கேட்டுக்கொள்கிறார். ஒரே மேசையில் மூன்று இனத்தவர் மனத்தடையின்றி உட்கார முடிகிறது என்பது சிறிய விஷயமல்ல.

2024 டிசம்பரில் யுனெஸ்கோ அமைப்பு மலேசியாவின் காலைச் சிற்றுண்டிப் பண்பாட்டை மனித குலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் ஆகிய மூன்றும் அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டன. பல இன மக்கள் ஒன்றாக அமர்ந்து உண்ணும் பழக்கமே அந்த அங்கீகாரத்தின் மையம்.

அதன் அருமையை மக்கள் உணர்ந்த காலமும் ஒன்று உண்டு. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது கடையில் உட்கார்ந்து சாப்பிடுவது நிறுத்தப்பட்டது. பொட்டலம் கட்டி வாங்கிப்போக மட்டுமே அனுமதி. உணவு அதே உணவுதான், சுவையும் அதே சுவைதான். ஆனாலும் ஏதோ ஒன்று குறைந்தது. குறைந்தது உணவல்ல, எதிரில் உட்காரும் ஆள் என்று அப்போது பலருக்கும் விளங்கியது.

காசுக் கணக்கு

இனி, பலரும் பேசத் தயங்கும் விஷயத்திற்கு வருவோம். மேசைக்கு யார் காசு கட்டுவது?

“மச்சான், நீ வை, நான் கட்டுறேன்” என்பது அன்பின் குரல். பெரும்பாலான நண்பர் கூட்டங்களில் ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துக் கட்டுகிறார்கள். நாளடைவில் எல்லாம் சரியாகிவிடும் என்பது நம்பிக்கை. எல்லாரும் ஏறத்தாழ ஒரே சம்பளம் வாங்கும்வரை இந்த ஏற்பாட்டில் குறையில்லை. ஆனால், பள்ளியில் ஒன்றாகப் படித்த ஐந்து பேரின் சம்பளம் முப்பது வயதில் ஒன்றாக இருப்பதில்லை. ஒருவர் பொறியியலாளர், ஒருவர் லாரி ஓட்டுநர், ஒருவர் பாதுகாவலர், ஒருவருக்கு இப்போதுதான் வேலை போயிருக்கிறது.

ஒரு சிறு கணக்கைப் பார்க்கலாம். ஒருவர் இரவொன்றுக்குப் பன்னிரண்டு வெள்ளி செலவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாரம் ஐந்து இரவு, மாதம் நான்கு வாரம் என்றால் 240 வெள்ளி. 2025 பிப்ரவரி முதல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி, பிடித்தம் போகக் கைக்கு வருவது 1,513 வெள்ளிக்கும் குறைவு. அதில் 240 வெள்ளி என்பது ஆறில் ஒரு பங்கிற்கு அருகில் வருகிறது. நாலாயிரம், ஐயாயிரம் வாங்கும் நண்பருக்கு அதே 240 வெள்ளி கண்ணில்கூடப் படாது. மேசை ஒன்றுதான், ஆனால், அதில் உட்காருவதற்கான விலை ஆளுக்கு ஆள் வேறு.

காசில்லாத நண்பர் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. முதலில், “வீட்டிலேயே சாப்பிட்டுட்டேன்” என்று ஒரு தே ஓ மட்டும் கேட்பார். அடுத்து, தம் முறை வரும் நாளில் வராமல் இருப்பார். அதன்பின் அழைப்பை எடுக்க மாட்டார். “அவன் மாறிட்டான், பெரிய ஆளாயிட்டான்” என்று நண்பர்கள் குறைபட்டுக்கொள்வார்கள். அவர் மாறவில்லை, அவரிடம் பணம் இல்லை. வேலை போய், மனம் உடைந்து, பேச ஒரு துணை மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் ஒருவர் இப்படி மேசையை விட்டு ஒதுங்குகிறார் என்பதே இதிலுள்ள பெரிய கவலை.

இதற்குச் சில எளிய வழிகள் உண்டு. கடையைத் தேர்ந்தெடுக்கும்போது அந்தக் கூட்டத்தில் மிகக் குறைந்த வருமானம் உள்ளவரை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்கலாம். நண்பர்களோடு குவாலா சிலாங்கூர் பாசிர் பெனாம்பாங்கிற்குப் போய்க் கடலுணவு சாப்பிடுவது நல்லதுதான். ஆனால், அது வாராவாரம் செய்யக்கூடியது அல்ல. ஒருவர் விருந்து வைப்பதாக இருந்தால், உட்காருவதற்கு முன்பே “இன்னிக்கு என் கணக்கு” என்று சொல்லிவிட வேண்டும். சாப்பிட்டு முடித்தபின் சொன்னால், அதுவரை மற்றவர் மனத்தில் ஓடிய கணக்கு யாருக்கும் தெரியாது. தனித்தனியாகக் கட்டுவதை அவமரியாதை என்று நினைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். கைப்பேசியில் ஸ்கேன் செய்து பணம் கட்டும் வசதி சிறு கடைகளுக்கும் வந்துவிட்ட இந்நாளில், அவரவர் உண்டதற்கு அவரவர் கட்டுவது நொடியில் முடியும் வேலை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு தே ஓவோடு உட்கார்ந்திருப்பவரைக் கேலி செய்யாமல் இருப்பதே பெரிய உதவி.

சீனிக் கணக்கு

பணத்தைவிட மறைவாக ஏறும் கணக்கு இன்னொன்று உண்டு. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அதாவது பத்துப் பேர் உட்காரும் மேசையில் மூன்று பேருக்கு. 2023-ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால், பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், அதாவது 54.4 விழுக்காட்டினர், மிகை எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள் என்று அதே ஆய்வு கூறியது.

தே தாரிக்கின் இனிப்பு டின் பாலிலிருந்து வருகிறது. ஒரு மேசைக்கரண்டி டின் பாலில் ஏறத்தாழ இரண்டு தேக்கரண்டிச் சீனி அடங்கியிருக்கிறது. ஒரு குவளைக்கு இரண்டு, மூன்று கரண்டி ஊற்றினால் என்னவாகும் என்பதை அவரவரே கணக்கிட்டுக்கொள்ளலாம். நாளொன்றுக்கு 25 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஏறக்குறைய ஆறு தேக்கரண்டிக்குள், சீனியை நிறுத்திக்கொண்டால் கூடுதல் நன்மை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. பேச்சு சுவாரஸ்யத்தில் இரண்டாவது குவளை வந்துவிட்டால் அந்த எல்லை தாண்டிவிடுகிறது. அதனோடு ஏறத்தாழ 300 கலோரி கொண்ட ரொட்டி சானாய் ஒன்றோ இரண்டோ சேர்ந்து, நள்ளிரவில் வயிற்றுக்குள் போய், அடுத்த அரை மணியில் படுக்கையும் விழுந்தால் உடல் என்ன செய்யும்?

அரசாங்கம் இனிப்புப் பானங்களுக்கு 2019 ஜூலை முதல் லிட்டருக்கு 40 காசு வரி விதித்தது. 2024-இல் அது 50 காசாகவும் 2025-இல் 90 காசாகவும் உயர்ந்தது. ஆனால், அந்த வரி தொழிற்சாலையில் தயாராகி டின்னிலும் போத்தலிலும் வரும் பானங்களுக்கானது. கடையில் கலக்கும் தே தாரிக்கை அது தொடாது. அந்தக் குவளைக்குக் காவல் குடிப்பவரின் வாய்ச்சொல் மட்டுமே. “அண்ணே, கூராங் மானிஸ்” என்று சொன்னால் சீனி குறையும். “தே ஓ கோசோங்” என்றால் சீனியே இருக்காது. இதைச் சொல்ல வெட்கப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மேசையில் முதலில் கேட்கும் ஒருவர் துணிந்து சொன்னால், அடுத்தவரும் அதையே சொல்வார் என்பது அனுபவம்.

தட்டிக் கேட்கும் உரிமை

நட்பு முறையில் போகும் கடை என்பதற்காக, வாடிக்கையாளரின் உரிமை இல்லாமல் போய்விடாது. உணவின் விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டியது கடைக்காரரின் கடமை. ரசீது கேட்பது குற்றமல்ல. கடை தானாகச் சேர்க்கும் சேவைக் கட்டணம் வேறு, அரசாங்கத்தின் 6 விழுக்காட்டுச் சேவை வரி வேறு. ஆண்டு வருமானம் 15 லட்சம் வெள்ளியைத் தாண்டும் உணவகங்களே அந்த வரியை வசூலிக்க வேண்டியவை. சிறிய ஒட்டுக்கடை அதை வாங்கக் காரணமில்லை.

2009-ஆம் ஆண்டின் உணவுத் தூய்மை விதிகளின்படி உணவைக் கையாளும் ஊழியர்கள் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். 1983-ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின்கீழ், அசுத்தமான உணவகத்தை 14 நாள்வரை மூட உத்தரவிட அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. 2019 ஜனவரி முதல் திறந்தவெளி உணவகங்கள் உட்பட எல்லா உணவகங்களிலும் புகைபிடிக்கத் தடை இருக்கிறது. பணம் தொடர்பான சர்ச்சை தீராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளி செலுத்தி, 50,000 வெள்ளிவரை வழக்குப் பதியலாம், வழக்கறிஞர் தேவையில்லை.

அதே வேளையில் கடைக்காரருக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு குவளைத் தேநீருக்கு நான்கு பேர் மூன்று மணி நேரம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டால், வாடகையும் மின்கட்டணமும் ஊழியர் சம்பளமும் எங்கிருந்து வரும்? கூட்டமான நேரத்தில் எழுந்து இடம் கொடுப்பதும் பண்புதான்.

வீட்டில் காத்திருப்பவர்கள்

கடைசியாக ஒன்று. வாரத்தில் ஐந்து இரவு நண்பர்களுக்கு என்றால், வீட்டில் இருப்பவர்களுக்கு எத்தனை இரவு? ஆறிய சோற்றை மூடி வைத்துவிட்டுக் காத்திருக்கும் மனைவியும், அப்பா வருவதற்குள் தூங்கிப்போகும் பிள்ளைகளும் அந்த மேசைக்கு ஒரு விலை கொடுக்கிறார்கள். பெண்களுக்கும் தோழிகள் உண்டு, அவர்களுக்கும் சமையலறைக்கு வெளியே உட்கார்ந்து பேச ஓர் இரவு வேண்டும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கணவன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, மனைவி தோழிகளோடு வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போய்வரும் வீட்டில் சண்டை குறையுமே தவிரக் கூடாது.

நண்பர்களோடு வெளியே சாப்பிடும் பழக்கத்தை ஒழிக்க வேண்டியதில்லை, ஒழிக்கவும் முடியாது. வாரம் ஐந்து இரவை இரண்டாக்கினால் பணமும் மிஞ்சும், உடம்பும் தப்பும், வீட்டாரும் மகிழ்வார்கள். அந்த இரண்டு இரவிலும், சில மாதங்களாக மேசைக்கு வராமல் போன நண்பர் யார் என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது. கடைக்கு வர அவருக்குத் தயக்கம் இருந்தால், ஒரு பொட்டலம் நாசி லெமாக் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போகலாம். தோட்டத்தில் அப்படித்தான் போனார்கள்.