ரயில் கடிகாரமும் அதன் கூடும்

பெங்களூருக்கும் ஜோலார்பேட்டைக்கும் இடையே சென்னை ரயில்வே கம்பெனியார் 1864ஆம் ஆண்டில் இருப்புப்பாதை திறந்தனர். குப்பத்தை அடுத்துள்ள குடுபல்லி இப்பாதையில் அமைந்த ஒரு சிறு நிலையம். இத்தகைய நிலையங்களில் வண்டி வந்த நேரமும் புறப்பட்ட நேரமும் நிமிஷந் தவறாமல் குறிக்கப்பட வேண்டும். ஆதலின் அக்காலத்து கார்டுக்குச் சட்டைப்பைக் கடிகாரம் அலங்காரப் பொருளன்று, உத்தியோகக் கருவி. ரயில்வே ஊழியர் குடும்பங்கள் சிலவற்றில் பாட்டனார் வைத்திருந்த கடிகாரம் இன்றும் பெட்டியில் உறங்குகிறது. அது உண்மையில் அவர் காலத்ததுதானா என்று அறிவது எவ்வாறு?

கடிகாரத்துக்கு இரு பகுதிகள் உண்டு. உள்ளே ஓடுவதை 'மெஷின்' என்றும், அதனைக் காக்கும் கூட்டைக் 'கேஸ்' என்றும் பழுது பார்ப்போர் வழங்குவர். வெள்ளிக்கும் பொன்னுக்கும் விலை ஏறியபோதெல்லாம் கூடுகள் பல உருக்கப்பட்டன. அநாதையான மெஷின்கள் கிடைத்த கூட்டில் புகுந்தன. இரண்டும் ஒரே காலத்தனவா என ஆராய்வது இதனாலேயே அவசியமாகிறது.

முதலாவதாக, பின்மூடியில் பொறித்த எழுத்துகளைப் படித்தல் வேண்டும். குடுபல்லிப் பாதை 1908இல் சென்னை–தென் மராட்டா ரயில்வேயின் வசமாயிற்று. 1951இல் தென்னக ரயில்வேயில் இணைந்தது. 2003 முதல் தென்மேற்கு ரயில்வேயைச் சேர்ந்தது. எனவே 'எம். அண்டு எஸ். எம். ரயில்வே' என்ற பொறிப்பு 1908க்கும் 1951க்கும் இடைப்பட்டது. உள்ளிருக்கும் மெஷின் அதற்குச் சற்று முந்தியதாக இருக்கலாம். பிந்தியதாயின் பிற்காலத்தில் மாற்றியதென்க. சான்றாக, அதிர்ச்சி தாங்கும் 'இன்காப்ளாக்' அமைப்பு 1930களில் தோன்றியது. 1908க்கு முந்திய சென்னை ரயில்வேக் கூட்டில் அது காணப்படின், அம்மெஷின் அக்கூட்டுடன் பிறந்ததன்று.

இரண்டாவதாக, சாவி கொடுக்கும் குமிழைக் கவனிப்போம். முகப்பு திறந்த கடிகாரங்களில் குமிழ் பன்னிரண்டாம் எண்ணின் மேலும், விநாடிமுள் ஆறாம் எண்ணின் அருகிலும் இருப்பது வழக்கம். மேல்மூடியுள்ள வகையில் குமிழ் மூன்றாம் எண்ணின் பக்கம் இருக்கும். மூடியில்லாக் கூட்டில் குமிழ் மூன்றின் பக்கம் நின்றால், வேறு கூட்டுக்குரிய மெஷின் உள்ளே புகுந்திருக்கக்கூடும் என ஐயுறலாம்.

மூன்றாவதாக, மெஷினைப் பிடித்து நிறுத்தும் திருகாணிகள் கூட்டின் உள்விளிம்பில் பதிக்கும் தழும்பு. இப்போதுள்ள திருகாணிக்குப் பொருந்தாத இன்னொரு தழும்பு காணப்படின், முன்னர் வேறொரு மெஷின் அங்கே குடியிருந்திருக்கிறது.

அமெரிக்க நாட்டு வழக்கம் வேறு. 1891இல் ஒஹையோ மாநிலத்துக் கிப்டனில் இரு ரயில்கள் மோதிய பின்னர், வெப் பால் என்பார் கடிகாரச் சோதனையை ஒழுங்குபடுத்தினார். அந்நாட்டில் வால்தம், எல்ஜின் முதலிய தொழிற்சாலைகள் மெஷினைத் தனியே விற்றன. வாங்குவோர் விருப்பப்படி கடைக்காரர் கூடு பொருத்தினார். ஆதலின் அவற்றில் மெஷின் எண்ணும் கூட்டின் எண்ணும் வேறுபடுதல் குற்றமாகாது.

பொருந்தாமை தெரிந்தவுடன் மெஷினைப் பிரித்து வேறு கூட்டில் இடவேண்டுவதில்லை. ரயில்வேச் சேவையிலிருந்த காலத்திலேயே பழுது நீக்கியவர் அதனை மாற்றியிருக்கலாம். அங்ஙனமாயின் அம்மாற்றமும் அக்கடிகாரத்தின் வரலாறே. அழகுக்காகப் பின்மூடியைத் தேய்த்தல் கூடாது. எழுத்துகள் மறைந்தால் சாட்சியும் மறையும். எண்களையும் பொறிப்பையும், அதனைப் பயன்படுத்தியவர் பெயர், வேலை பார்த்த நிலையம் ஆகியவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கடிகாரத்தோடு வைப்போமாக. குடும்பத்து முதியோர் இருக்கும்போதே இவற்றைக் கேட்டறிதல் நலம்.